ஆறு பாடல்களும் ஒரு மெமோவும்

பகலில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் கதை எழுதவும் பாட்டு அமைக்கவும் ஆசைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அதிகாலையில் எழுந்திருங்கள், தொலைக்காட்சியைக் குறையுங்கள், தினமும் ஒரு பக்கமாவது எழுதுங்கள் என்பார்கள். அவற்றில் தவறு ஒன்றுமில்லை. நானும் அவற்றைக் கடைப்பிடித்தவன்தான். ஆனால் என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்ததும், கையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை லட்ச ரூபாயைக் கரைத்ததும் நேரப் பற்றாக்குறையால் வந்தவை அல்ல. ஒரு பக்கம், அலுவலகம் தந்திருக்க வேண்டிய ஒரு காகிதம் என் கையில் இல்லை. இன்னொரு பக்கம், நான் கையெழுத்திட்ட ஒரு காகிதம் என் பாடல்களை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. வங்கியில் இருந்த நண்பர்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தெரியாது. இசை வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு வங்கியின் நடத்தை விதிகள் தெரியாது. இரண்டிலும் கால் வைத்திருந்த ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராக, சிங்கிள் விண்டோ கவுன்ட்டரில் இருக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். சிறு வயதிலிருந்து கர்நாடக இசை கற்றுக்கொண்டதால், பாட்டு எழுதி மெட்டமைக்கும் பழக்கம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு சிறுகதையும் எழுதத் தொடங்கிச் சிற்றிதழ்களில் சில வெளிவந்தன. இவை இரண்டையும் ஒரே மாதிரியான வேலைகள் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையோடு சேர்த்துச் செய்யும்போதுதான் இரண்டும் முற்றிலும் வேறு வகையான நேரத்தைக் கேட்பவை என்பது புலப்பட்டது. எழுத்து என் நேரத்தை மட்டுமே கேட்கிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால், காவிரிப் பாலத்தில் நெரிசல் இருக்கும் நாளில் இரண்டு பத்தி எழுதிவிடலாம். விட்ட இடத்திலிருந்து மதிய உணவுக்குப் பிறகு மறுபடி தொடங்கலாம். இசை அப்படியில்லை. மெட்டு வேண்டுமானால் பேருந்திலேயே தோன்றும், அதைக் கைபேசியில் முணுமுணுத்துப் பதிந்தும் வைக்கலாம். ஆனால் அது பாட்டாக வெளியே வர மிருதங்கக்காரரும் வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

வங்கி ஊழியரின் ஓய்வு நாளும் இசைக் கலைஞரின் ஓய்வு நாளும் ஒன்றாக வருவது அரிது. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் எங்களுக்கு விடுமுறை. மற்றவை முழு வேலை நாள்கள். ஞாயிறும் முகூர்த்த நாள்களும்தான் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கல்யாணக் கச்சேரியும் வரவேற்புக் கச்சேரியும் நிறைந்திருக்கும் நாள்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் நான் கண்ணாடிக்குப் பின்னால் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். மார்கழியில் கல்யாணம் இல்லையென்றாலும் அது கச்சேரி சீசன். எங்களுக்கும் டிசம்பர் காலாண்டு முடிவு. ஆடியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் நிகழ்ச்சிகள் உண்டு. அவை பெரும்பாலும் இரவில் நடப்பதால், ஆடி மாதத்துப் பகல்களில்தான் நாள் கிடைக்கிறது என்பதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்கிறவர்கள் தங்கள் அலுவலக நாள்காட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது நல்லது. வருடத்துக்குப் பன்னிரண்டு தற்செயல் விடுப்புதான். ஈட்டிய விடுப்புக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மார்ச்சில் கேட்டால் கிடைக்காது. நவம்பரில் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் நாள்களில் கேட்பதற்கே மனம் வராது.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. கவுன்ட்டரில் இருப்பவரின் குரல் மாலைக்குள் பாதி செலவாகிவிடும். குளிர்சாதன அறையில், கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்கும் காது மந்தமான பெரியவரிடம் கணக்கு இருப்பை மூன்று முறை சத்தமாகச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பஞ்சமத்தைத் தொட்டால் குரல் கரகரக்கும். ஆகவே குரல் பயிற்சியான சாதகத்தைக் காலை ஐந்து மணிக்கு மந்தர ஸ்தாயி என்னும் தாழ்ந்த குரலில், அடுக்ககத்தில் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காத அளவில் வைத்துக்கொண்டு, மாலையை எழுத்துக்கு ஒதுக்கினேன். இந்தப் பிரிவினை எனக்கு இன்றுவரை பொருந்துகிறது. உறவினர்கள், பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவையும், ஸ்டேட் வங்கியில் பணியாற்றிய வண்ணதாசனையும் உதாரணம் காட்டி, ‘அவங்களால முடிஞ்சதே’ என்பார்கள். இருவரும் எழுத்தாளர்கள். எழுத்துக்கு மேசை போதும். அவர்களைக் காட்டி இசைக்கும் சேர்த்து அறிவுரை சொல்வது பொருந்தாது.

2022இல், என் பாடல்களில் ஆறைத் தேர்ந்தெடுத்து முறையாக ஒலிப்பதிவு செய்வதென்று முடிவெடுத்தேன். சென்னையில் வடபழனி, சாலிக்கிராமம் பகுதிகளில் எல்லா அளவிலும் ஒலிப்பதிவுக் கூடங்கள் உண்டு. அவற்றில் நடுத்தரமான ஒன்றை, தெரிந்த மிருதங்கக்காரர் ஒருவர் காட்டினார். வாத்தியக் கலைஞர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் சுமார் 90,000 ரூபாய், கீபோர்டு புரோகிராமிங் செய்து வாத்திய அமைப்பை ஒழுங்குபடுத்தியவருக்கு 60,000, கூடத்துக்கு 45,000, பதிந்தவற்றைக் கலந்து மெருகேற்றும் மிக்சிங்கும் மாஸ்டரிங்கும் 35,000, ரயில், தங்கும் அறை, சாப்பாடு என்று 20,000. பணம் ஊழியர்களுக்கான ஓவர்டிராஃப்ட் கணக்கிலிருந்து வந்தது. வட்டி குறைவுதான் என்றாலும், அது சம்பளத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் கழிந்துகொண்டிருந்தது என்பதை வீட்டில் சொல்லச் சங்கடப்பட்டேன். வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, சனி காலை எழும்பூரில் இறங்கி, அறைக்குப் போய்க் குளித்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனால், ரயிலில் தூங்காத தொண்டை முதல் இரண்டு மணி நேரம் ஒத்துழைக்காது. கூடத்தின் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். வாத்தியங்களை ஒரு நாளிலும் குரலை வேறொரு நாளிலும் பதிவதென்று பிரித்துக்கொண்ட பிறகுதான் செலவு ஒரு கட்டுக்குள் வந்தது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் குரல் பதிவை உள்ளூரிலேயே ஒரு சிறிய கூடத்தில் முடித்துவிட முடியுமா என்று முதலில் விசாரிக்கலாம். திருச்சியிலும் அதற்கு வசதி இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நான் செய்த ஒரு காரியம் பின்னால் மிகவும் உதவியது. ஒவ்வொரு பாட்டுக்கும் கலந்து முடித்த கோப்பை மட்டும் வாங்காமல், ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாக இருக்கும் மல்டிடிராக் கோப்புகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கணக்கு முடித்துப் பணம் கொடுக்கும் அன்றே இதைக் கேட்க வேண்டும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் கூடத்தில் இடமில்லை என்று அழித்திருப்பார்கள். வாசித்த ஒவ்வொருவரிடமும் பெற்ற தொகை, பாட்டின் பெயர், தேதி ஆகியவற்றோடு ஒரு வரி ரசீதில் கையெழுத்து வாங்கினேன். ‘நமக்குள்ள என்னண்ணா ரசீது’ என்று சிலர் சிரித்தார்கள். வங்கிக்காரனின் கிறுக்கு என்று நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வாங்கினேன்.

2023 ஜனவரியில் ஒரு சிறிய இசை வெளியீட்டு நிறுவனம் ஆறு பாடல்களையும் வெளியிட முன்வந்தது. எனக்கு முன்பணம் கிடையாது. வருமானம் வந்தால் பங்கு. நான்கு பக்க ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. உலகம் முழுவதற்கும், எல்லா ஊடகங்களுக்கும், என்றென்றைக்குமாகப் பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றின் உரிமையையும் ஒப்படைப்பதாக அது சொன்னது. எல்லோரும் இதில்தான் கையெழுத்திடுகிறார்கள் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டு பாடல்களை யூடியூபிலும் ஒலிச் செயலிகளிலும் வெளியிட்டார்கள். நான்கு அப்படியே கிடந்தன. வெளியான வீடியோ ஒன்றில் மெட்டமைத்தவரின் பெயர் விடுபட்டிருந்தது. சில மாதங்கள் கழித்து, எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் அந்தப் பாட்டை நானே பாடிக் கைபேசியில் எடுத்த பதிவை என் சேனலில் ஏற்றியபோது, அதற்கு அந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரல் வந்து நின்றது. அதைப் படித்தபோது வந்த கோபத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. வீட்டில் யாருக்கும் அந்தத் திரையைக் காட்டவில்லை.

அதன் பிறகுதான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு எதிரானதன்று. நாம் அதைப் படிக்காததுதான் மற்றவர்களுக்கு வசதி. பாட்டு எழுதி முடித்த கணமே உரிமை எழுதியவருடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் தகராறு வரும்போது ஆதாரமாகப் பயன்படும் என்பதால், இலக்கியம் அல்லது இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளலாம். உரிமையை ஒப்படைக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் அது கொள்ளும். ஆகவே ‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லை ஒப்பந்தத்தில் அவர்கள் எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை அடித்துவிட்டு ‘ஐந்து ஆண்டுகள்’ என்று எழுதும்படி கேட்பதற்கும் நமக்குக் காரணம் இருக்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அந்த அளவுக்கு ஒப்படைப்பு காலாவதியாகிவிடும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. என் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எதுவும் சொல்லப்படவில்லை. 2024 பிப்ரவரியில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவில்லை, பிரிவைச் சுட்டி, வெளிவராத நான்கு பாடல்களின் பெயர்களையும் ஒப்பந்தத் தேதியையும் எழுதினேன், அவ்வளவுதான். சில வாரங்களில், அந்த நான்கிலும் தங்களுக்கு உரிமை இல்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. விடுபட்ட பெயரையும், உரிமையை விற்ற பிறகும் படைத்தவரின் பெயர் அவருக்கே உரியது என்று சொல்லும் 57ஆம் பிரிவைக் காட்டித்தான் சேர்க்க வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்புகளின் அருமை அப்போது தெரிந்தது; அவை இல்லையென்றால் உரிமை திரும்பி வந்தும் பாட்டு திரும்பி வந்திருக்காது.

வெளியான இரண்டு பாடல்களும் இன்றும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவற்றிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2012இல் வந்த திருத்தத்தின்படி, திரைப்படத்தைச் சேராத ஒலிப்பதிவுக்காக உரிமையை ஒப்படைத்தாலும், பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் அந்தப் படைப்பின் பயன்பாட்டிலிருந்து வரும் ராயல்டியில் சம பங்கு கோரும் உரிமையை இழப்பதில்லை. அதைத் தனியாளாகத் துரத்திப் பிடிக்க முடியாது; ஐ.பி.ஆர்.எஸ். என்ற இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 1969இலிருந்து இருப்பது இதற்காகத்தான். பாட்டெழுதுகிறவர்களும் மெட்டமைக்கிறவர்களும் அதில் உறுப்பினராகலாம். என் இரண்டு பாடல்களால் அங்கிருந்து வரக்கூடிய தொகை ஒரு நல்ல சாப்பாட்டுக்குப் போதுமா என்பது சந்தேகமே, ஆனாலும் சேர்ந்திருக்கிறேன்.

இனி அலுவலகத்துக்கு வருகிறேன். அந்த நிறுவனம் வீடியோவின் கீழே ‘நிகழ்ச்சிகளுக்குத் தொடர்புகொள்ள’ என்று என் கைபேசி எண்ணைப் போட்டிருந்தது. அதைப் பார்த்துச் சில கோயில்களிலிருந்தும் ஒரு கல்லூரியிலிருந்தும் அழைத்தார்கள். நான் வேலைக்கு வெளியே உள்ள நாள்களில் போய்ப் பாடினேன். குழு முழுவதற்குமான தொகையை அவர்கள் என் கைபேசி எண்ணுக்கே அனுப்பினார்கள். 30,000 வரும், அன்று இரவே மிருதங்கம், வயலின், கடம், ஒலிபெருக்கி, வண்டி என்று பிரித்து அனுப்பியபின் நாலைந்தாயிரம் மிஞ்சும். அந்த எண்ணோடு இணைந்திருந்தது என் சம்பளக் கணக்கு. வங்கி ஊழியர்களின் கணக்குகளில் சம்பளம் தவிர வேறு வரவு வந்தால் அது கண்ணில் படும் என்பது வங்கியில் வேலை செய்யும் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கோயில் கச்சேரிப் பணம் அந்தப் பட்டியலில் எப்படித் தோன்றும் என்பதை நான் கற்பனை செய்ததில்லை. 2023 அக்டோபரில், யாரோ எழுதிய மொட்டைக் கடுதாசி ஒன்றின் பேரில், மண்டல அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அனுமதியின்றி வெளியில் தொழில் நடத்துவதாகப் புகார் வந்திருப்பதாகவும், கணக்கில் உள்ள இந்த இந்த வரவுகளுக்கு ஏழு நாள்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. கூடவே ஒரு தாளில், ஒவ்வொரு கச்சேரியும் தேதியும் தொகையுமாக வரிசையாக அச்சாகியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே, கதை எழுதுவதையும் பாடுவதையும் குறிப்பிட்டுக் கிளை மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தேன். அவர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, ‘நல்லா பாடுங்க சார், இதுக்கெல்லாம் எதுக்கு லெட்டர்’ என்று சிரித்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்; அவருக்குப் பின் வந்தவரும் போய்விட்டார்; அந்தக் கடிதம் எந்தக் கோப்பிலும் இல்லை. என்னிடம் நகல் இருந்தது, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ கையெழுத்தோ அதில் இல்லை. அந்த ஏழு நாள்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மனைவியிடம் மூன்றாம் நாள்தான் சொன்னேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. கவுன்ட்டரில் பணம் எண்ணும்போது கை நடுங்கியது. எண்ணிய கட்டையே மறுபடி எண்ணினேன். காலைச் சாதகம் நின்றது. மொட்டைக் கடுதாசி எழுதியவர் யாராக இருக்கும் என்று உடன் வேலை செய்யும் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமான பகுதி. அது யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயல்வதையும் பிறகு விட்டுவிட்டேன்.

உதவியது வங்கி ஊழியர் சங்கத்தில் இருந்த, ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த ஒருவர். ‘தோழர், பாடுறது குத்தமே இல்ல. பேப்பர் இல்லாததுதான் பிரச்சினை’ என்று தொடங்கி, எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் செய்துகொண்ட இருதரப்பு ஒப்பந்தம்தான் விதி என்பதை விளக்கினார். பணிக்கு அப்பாற்பட்ட வணிகத்திலோ தொழிலிலோ வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஈடுபடுவது அதில் கடுமையான ஒழுங்கீனங்களின் பட்டியலில் வருகிறது. ‘எழுத்துப்பூர்வ’ என்ற சொல்லில்தான் நான் சிக்கியிருந்தேன். அதிகாரிகளுக்கு இருக்கும் 1976ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளிலும், மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளிலும், அலுவலகக் கடமைக்குப் பாதகமில்லாமல் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலைப் பணிக்கு வெளிப்படையான இடம் இருக்கிறது. ஆகவே என் விளக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுதச் சொன்னார்: இது வணிகமன்று, எப்போதாவது நிகழும் கலைப் பணி; அலுவலக நேரத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை, இதோ விடுப்புப் பதிவேடும் நிகழ்ச்சி அழைப்பிதழ்களும்; வந்த தொகையில் பெரும்பகுதி அன்றைக்கே பிறருக்குப் போய்விட்டது, இதோ பணப்பரிமாற்ற விவரமும் ரசீதுகளும். நண்பர்கள் சிரித்த அந்தப் பழக்கத்தில் கச்சேரிகளுக்கும் வாங்கிவைத்திருந்த ரசீதுகள்தான் அந்தக் கடிதத்தின் முதுகெலும்பு. உணர்ச்சியாக ஒரு வரி கூட எழுதவிடவில்லை அவர். ‘நாற்பது ஆண்டுப் பாரம்பரியம்’, ‘தாய்மொழித் தொண்டு’ என்றெல்லாம் நான் எழுதியிருந்ததைச் சிவப்பு மையால் அடித்தார்.

அடுத்த ஏழெட்டு மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காத காலம்தான் மிக நீளமானது. அந்த மார்கழிக்கு ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளை ரத்து செய்தேன். காரணம் சொல்ல முடியாமல் தொண்டை சரியில்லை என்றேன். அந்த ஆண்டுப் பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. ஒரு கதைகூட எழுதவில்லை. 2024 கோடையில், இனி முன் அனுமதி பெற்றே ஈடுபட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு விவகாரம் முடித்துவைக்கப்பட்டது.

அதன் பிறகு வாங்கிய அனுமதியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ‘பாடுவதற்கு அனுமதி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் மேலே இருப்பவருக்கு முடிவெடுக்கப் பயமாக இருக்கும், கடிதம் தூங்கும். என்ன கலை, ஆண்டுக்கு உத்தேசமாக எத்தனை நிகழ்ச்சி, விடுமுறை நாள்களிலும் முறையான விடுப்பிலும் மட்டுமே, வங்கியின் பெயரும் பதவியும் எங்கும் பயன்படுத்தப்படாது, வருமானம் வந்தால் வருமான வரிக் கணக்கில் காட்டப்படும், அதன் விவரம் ஆண்டுதோறும் தெரிவிக்கப்படும் என்று வரையறுத்து எழுதினால், கையெழுத்திடுபவருக்கும் பாதுகாப்பு. பொருந்தும் விதியைக் கடிதத்திலேயே சுட்டிவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். எனக்குப் பதில் வர நான்கு மாதம் ஆனது. மாநில அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விதி வேறு. அவரவர் விதிநூலை அவரவர் படித்துவிட வேண்டும், பக்கத்து மேசைக்காரர் சொல்வதை நம்பக் கூடாது.

தனியார் நிறுவனத்தில், குறிப்பாக மென்பொருள் துறையில் இருப்பவர்கள், விதிநூலைத் தேடுவதற்கு முன் பணி நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குச் சொந்தம் என்பதுதான் சட்டம். ஆனால் சில ஒப்பந்தங்கள், பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே என்று அகலமாக வலை வீசியிருக்கும். உங்கள் கதைகளும் பாடல்களும் அதில் அடங்காது என்று மனிதவளத் துறையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்கிவிடுங்கள்; அலுவலக மடிக்கணினியில் நாவல் எழுதாதீர்கள்.

பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். நான் இப்போது சம்பளக் கணக்குக்குத் தொடர்பில்லாத வேறொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அதையும் அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்கிறேன். பக்கவாத்தியக்காரர்களுக்கான தொகையை அழைப்பவர்களே அவரவருக்கு நேராக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை. பாட்டெழுதிக் கொடுத்துப் பெரிய தொகை வாங்கினால் கொடுப்பவர் பத்து சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். அது நம் வரிக் கணக்கு விவரத்தில் தானாகத் தோன்றும். அதைக் காட்டாமல் சம்பளத்தை மட்டும் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தால் அறிவிப்பு வரும். தொழில்முறை வருமானமாகக் காட்டுவதா, இதர வருமானமாகக் காட்டுவதா என்பதை ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். தொழில்முறை வருமானம் என்று காட்டினால் சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் ஐ.டி.ஆர்.-1 படிவம் போதாது. தவிர, ‘தொழில்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த தாளை நாளை அலுவலகம் உங்களிடமே காட்டவும் கூடும். அனுமதிக் கடிதத்தில் உள்ள சொற்களும் வரிப் படிவத்தில் உள்ள சொற்களும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும்.

எழுத்துப் பக்கம் எனக்கு இவ்வளவு சேதமில்லை. சிறுகதைத் தொகுப்புக்காக அணுகிய ஒரு பதிப்பகம், நூறு பிரதிகளை நானே முன்பணம் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. பாடல்களில் பட்டிருந்ததால் வேண்டாமென்று திரும்பிவிட்டேன். வேறொருவர் பத்து சதவீத ராயல்டிக்கு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். புத்தகத்துக்கு அடையாளமாக இடப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணை அரசின் முகமை இலவசமாகவே தருகிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதற்கென்று தனியாகப் பணம் கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன்.

பதவி உயர்வைப் பற்றி வங்கி நண்பர்கள் கேட்பார்கள். எழுத்தர் அதிகாரியானால் ஊர் மாற்றம் உறுதி. தமிழ்நாட்டுக்கு வெளியே போகவும் நேரலாம். பாட்டுக்காகவும் எழுத்துக்காகவும் பதவி உயர்வே வேண்டாம் என்று உள்ளூரிலேயே எழுத்தராக ஓய்வுபெற்றவர்களை எங்கள் கிளையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களில் நிறைவாக இருப்பவர்களும் உண்டு, கடைசிப் பத்து ஆண்டுகளில் கசந்துபோனவர்களும் உண்டு. எழுத்து மட்டும் என்றால் நான் தயங்காமல் போய்விடுவேன். பீகாரில் ஒரு கிராமக் கிளையில் உட்கார்ந்தும் கதை எழுதலாம், ஒருவேளை நல்ல கதையாகவே வரலாம். பத்தாண்டுகளாகப் பழகிய மிருதங்கக்காரரையும் வயலின்காரரையும் அங்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. இந்த ஆண்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. விண்ணப்பிக்கப் போவதில்லை என்று மனைவியிடம் சொன்னபோது, ஐந்தாண்டுக்கான சம்பள வித்தியாசத்தை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னார், போட்டுக் காட்டினேன். இருவரும் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பதென்று ஒப்புக்கொண்டோம்.

திரும்பி வந்த நான்கு பாடல்களில் இரண்டை, பழைய மல்டிடிராக் கோப்புகளிலிருந்து மறுபடி மிக்சிங் செய்து நானே வெளியிட்டுவிட்டேன். பாட்டுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மூன்றாவதற்குக் குரலை மட்டும் புதிதாகப் பாட வேண்டியிருக்கிறது. வரும் ஆடியில், இரண்டாம் சனிக்கிழமைக்கு நாள் கேட்டிருக்கிறேன்.